லட்சுமிகாந்தன் கொலை வழக்கு: பாகவதர் நிரபராதியா, தப்பித்தாரா?

புரசை_பாண்டியன்:
வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்த சண்டையை அப்படியே இங்கே இறக்கி வைக்கிறேன். பெரியப்பாவுக்கு வயது 90. லட்சுமிகாந்தன் கேஸ் (1944ல் ஒரு பத்திரிகைக்காரர் கொலையானதில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் மாட்டிய கேஸ்) நடந்தபோது அவர் புரசைவாக்கத்தில் ஒன்பது வயசுப் பையன். அவர் சொல்வது: "பாகவதரும் கலைவாணரும் ஆள் வெச்சுக் குத்தினாங்க. ஒன்பது ஜூரியும் ஒரே வாயா குத்தவாளின்னுட்டான். அப்புறம் பணத்தைக் கொட்டி லண்டன் வரைக்கும் போய் விடுதலை வாங்கிட்டு வந்தாங்க."

அண்ணன் பாகவதர் பக்தர். "அந்த மனுஷனுக்கு கொலைன்னா ஸ்பெல்லிங்கே தெரியாது பெரியப்பா" என்று எகிறினார். சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யூடியூப் வீடியோ லிங்க் வேண்டாம், பார்த்துவிட்டேன், எல்லாம் பேய்க்கதை மியூசிக் போட்டு ஓட்டுகிறார்கள்.

ரெக்கார்டு_ராமு:
தம்பி, எங்கப்பா அந்தக் காலத்து கிராமபோன் தட்டு சேகரித்தவர். அந்த வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சி.என். லட்சுமிகாந்தன் பத்திரிகை நடத்துவதற்கு முன்பே சிறைக்குப் போய் வந்தவர். போலிப் பத்திரம், தப்பியோட்டம், அந்தமான் வரைக்கும் பார்த்த ஆள். வெளியே வந்து 1943ல் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் சரக்கு. எழுதினால் விற்பனை, எழுதாமல் இருந்தால் அதற்கும் ஒரு விலை. பயந்துபோய்ப் பணம் கொடுத்தவர்கள் ஏராளம்.

பொறுத்துப் பார்த்த பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் போயிற்று. ஆள் அசரவில்லை. 'இந்துநேசன்' என்று ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகையைக் கைப்பற்றி பழைய கச்சேரியைத் தொடர்ந்தார். இப்போது சினிமாக்காரர்களோடு ஊர்ப் பெரிய மனிதர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

1944 நவம்பர் 8. வேப்பேரியில் இருந்த தன் வக்கீலைப் பார்த்துவிட்டுக் கை ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஜெனரல் காலின்ஸ் ரோடு பக்கத்தில் மறித்துக் குத்தினார்கள். அதற்கு முன் அக்டோபரிலேயே ஒரு முறை தாக்கப்பட்டுப் பிழைத்தவர். இந்த முறையும் ஆள் விழவில்லை. நேராக வக்கீல் வீட்டுக்கே திரும்பிப் போனார். அங்கிருந்து ஜெனரல் ஆஸ்பத்திரி. மறுநாள் 9ஆம் தேதி விடியுமுன் உயிர் போய்விட்டது.

டிசம்பர் 27ல் பாகவதரும் கலைவாணரும் கைது. ஸ்ரீராமுலு நாயுடுவும்.

சும்மா_படிக்கிறவள்:
ஒரு கேள்வி. அப்போது 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்ததா? என் பாட்டி சொல்வாள், "ஜெயில்ல இருக்கற ஆளைப் பார்க்க பிராட்வே தியேட்டர்ல க்யூ நின்னோம்"னு.

ரெக்கார்டு_ராமு:
பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு. 1944 தீபாவளிக்கு, அக்டோபர் 16ல் ரிலீஸ். பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்ட படம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 44, 45, 46. இதில் இரண்டு தீபாவளி நாயகன் கம்பிக்குள். திரையில் 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' என்று பாடிக்கொண்டிருக்கிறார், ஆள் கைதி. கலைவாணரும் அதே படத்தில் இருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். தண்டனை வந்த பிறகும் கூட்டம் குறையவில்லை.

எதிர்வாதி:
ஆரம்பித்துவிட்டீர்கள் பஜனையை. பாட்டு நன்றாக இருந்தால் கொலை செய்ய மாட்டார்களா? மனு கொடுத்தது உண்மை, பகை இருந்தது உண்மை, பணம் இருந்தது உண்மை. ஜூரி குற்றவாளி என்றது உண்மை. அப்பீலிலும் அதே தண்டனை உறுதியானது. பிறகு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அதாவது அன்றைய கடைசி அப்பீல் கோர்ட், விடுதலை செய்தது. பணக்காரனுக்கு லண்டன், ஏழைக்குத் தூக்கு. பெரியப்பா சொல்வதில் என்ன தப்பு?

கறுப்பங்கி:
பெரியப்பா சொல்வதில் இரண்டு தப்பு, எதிர்வாதி சொல்வதில் ஒன்று. கோர்ட்டில் இன்று வாய்தா நாள், வராந்தாவில் உட்கார்ந்துதான் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிரிவி கவுன்சில் யாரையும் விடுதலை செய்யவில்லை. "அப்பீலை நீங்கள் கேட்ட விதம் சரியில்லை, திரும்பக் கேளுங்கள்" என்று மதராஸ் ஹைகோர்ட்டுக்கே அனுப்பியது. விடுதலை கொடுத்தது நம்ம ஊர் ஹைகோர்ட்தான். நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் பெஞ்ச், 1947 ஏப்ரல் 25. வாதாடியவர் வி.எல். எத்திராஜ். எழும்பூரில் காலேஜ் இருக்கிறதே, அதே எத்திராஜ்தான்.

இரண்டாவது, ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்காரவைத்த பொதுமக்கள், ஒன்பதுக்கு ஒன்பது கிடையாது. ஆறுக்கு மூன்று.

இந்த ஆறுக்கு மூன்றில்தான் எனக்கு ருசி. இப்போது சீனியர் கூப்பிடுகிறார், சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.

புரசை_பாண்டியன்:
ஆறுக்கு மூணா!! பெரியப்பா கோட்டை ஒரு பக்கம் சரியுது. சார் சீக்கிரம் வாங்க.

தென்பாண்டிச்_சிங்கம்:
இதுல போட் மெயில் கொலைன்னு ஒண்ணு வருமே. லட்சுமிகாந்தன் அதைப் பத்தி எழுதப் போயித்தான் செத்தான்னு எங்க ஊர்ப் பக்கம் சொல்லுவாவ. ரயில் பெட்டிக்குள்ள தலையில்லாத பொணம் கெடந்துச்சுல்லா, அதானே?

ரெக்கார்டு_ராமு:
இல்லை அண்ணாச்சி, இரண்டு கொலையை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். நிறையப் பேர் செய்கிற தப்பு, ஏனென்றால் இரண்டிலும் போட் மெயில் வருகிறது. லட்சுமிகாந்தன் எழுதிக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படுவது நாற்பதுகளில் அந்த ரயிலில் கொல்லப்பட்ட ஒரு செல்வந்தரைப் பற்றி. அதில் இன்னின்னாருக்குச் சம்பந்தம் என்று அம்பலப்படுத்தப்போவதாக அவர் மிரட்டினார், அதனால் வேறு கை விளையாடியிருக்கலாம் என்ற பேச்சு அன்றிலிருந்தே உண்டு. பேச்சுதான்.

தலையில்லாத பிணம் ஆளவந்தார். அது 1952. லட்சுமிகாந்தன் செத்து எட்டு வருஷம் ஆகிவிட்டது.

பருத்தித்துறைக்_காத்து:
வணக்கம். போட் மெயில் எண்டவுடன எட்டிப் பார்த்தன். எங்கட அப்பப்பா கொழும்பில கடை வைச்சிருந்தவர். மெட்ராசுக்குச் சரக்கெடுக்கப் போனா அந்த ரயிலிலதான் வருவார். எழும்பூரில ஏறினா தனுஷ்கோடி, அங்கால கப்பலில தலைமன்னார், பிறகு எங்கட ரயில். ஒரே டிக்கெட்டில கடல் தாண்டின காலம். 64ஆம் ஆண்டுப் புயல் எல்லாத்தையும் கொண்டுபோட்டுது.

ஆளவந்தாற்ர கதையை அவர் சொல்லேக்க, "பெட்டிக்குள்ள இருந்தவர் மானாமதுரையில இறங்கிட்டார், இல்லாட்டிக் கடல் தாண்டி எங்கட பக்கம் வந்திருப்பார்" எண்டு சிரிப்பார். சின்னனில எனக்கு இரவில நித்திரை வராது. அந்த வழக்கில தீர்ப்பு என்னமாதிரி வந்தது? ஆராவது சொல்லுங்கோ.

ரெக்கார்டு_ராமு:
சுருக்கமாகச் சொல்கிறேன், இழை திசை மாறினால் மட்டுறுத்துநர் கோபித்துக்கொள்வார்.

ஆளவந்தார் முன்னாள் ராணுவ ஆசாமி. சைனா பஜார் பக்கம் ஜெம் அண்ட் கம்பெனி பேனாக் கடை வாசலில் பிளாஸ்டிக் சாமான் விற்றவர், கூடவே தவணைக்குப் புடவை வியாபாரம். பெண்கள் விஷயத்தில் பெயர் கெட்டவர். தேவகி என்ற பெண்ணோடு முன்பு பழக்கம். அவள் பிரபாகர மேனனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் இவர் விடவில்லை. 1952 ஆகஸ்ட் 28ல் ராயபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனார். திரும்பவில்லை. தலை ராயபுரம் கடற்கரை மணலில், உடல் ட்ரங்குப் பெட்டியில் அடைபட்டு எழும்பூரில் போட் மெயில் ஏறியது. நாற்றம் தாங்காமல் பயணிகள் சொல்ல, மானாமதுரையில் பெட்டியைத் திறந்தார்கள்.

தலை ஓரிடம், உடல் முந்நூறு மைலுக்கு அப்பால் ஓரிடம். இரண்டையும் மெட்ராசில் சேர்த்து வைத்துப் பொருந்துகிறது என்று சொன்னவர் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன். மனைவி வந்து அடையாளம் காட்டினார். பம்பாய்க்கு ஓடிப்போன தம்பதியைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர். அரசுத் தரப்பில் கோவிந்த் சுவாமிநாதன், கேப்டன் லட்சுமியின் அண்ணன். 1953 ஆகஸ்டில் தீர்ப்பு: மேனனுக்கு ஏழு வருஷம், தேவகிக்கு மூன்று. தலையை வெட்டி எடுத்தவனுக்கு ஏழே வருஷம்! செத்தவன் யோக்கியன் இல்லை என்று ஊரே நினைத்தது. கோர்ட்டிலும் அந்தக் காற்று வீசாமல் இல்லை என்பது என் எண்ணம்.

பருத்தித்துறைக்_காத்து:
நன்றி ஐயா. ஏழு வருசமோ! அப்பப்பா தூக்கு எண்டுதான் சொன்னவர். கதை சொல்லுறவைக்கு ஏழு வருசம் காணாது போல.

எதிர்வாதி:
பார்த்தீர்களா, செத்தவன் கெட்டவன் என்றால் கொலை பாதி மன்னிக்கப்படுகிறது. லட்சுமிகாந்தனுக்கும் அதே கதைதான். இந்த இழையைப் படித்துப் பாருங்கள். இதுவரை ஒருவராவது "ஐயோ பாவம், ஒரு மனுஷனை நடுத்தெருவில் குத்திக் கொன்றுவிட்டார்களே" என்று எழுதினீர்களா? முதல் பத்தியிலேயே அவன் ஜெயில் பறவை, மிரட்டிப் பணம் பறித்தவன் என்று ஆரம்பித்தாயிற்று. எண்பது வருஷமாக அழுகை முழுக்கப் பாகவதருக்கு.

சும்மா_படிக்கிறவள்:
இது எனக்குச் சுருக்கென்று குத்திய பாயிண்ட். நானும் முதலில் ஹரிதாசைப் பற்றித்தான் கேட்டேன்.

ரெக்கார்டு_ராமு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனுஷன் எழுதியதால் எத்தனை நடிகைகள் வீட்டை விட்டு வெளியே தலைகாட்ட முடியாமல் கிடந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்திக்குத்து தீர்வு என்று நான் சொல்லவில்லை.

கறுப்பங்கி:
வந்துவிட்டேன். காபி கையில் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே போகும்.

கொலை நடந்தது மதராஸ் நகர எல்லைக்குள். அதனால் விசாரணை நேரடியாக ஹைகோர்ட்டில், நீதிபதி மோக்கெட்டும் ஒன்பது ஜூரிகளும். வெளியூரில் நடந்திருந்தால் செஷன்ஸ் கோர்ட். இந்த வித்தியாசம் எதற்கு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

கத்தியைப் பிடித்தவர்கள் வேறு, பாகவதரும் கலைவாணரும் குத்தியதாக யாருமே சொல்லவில்லை. அவர்கள் மீது குற்றச்சாட்டு சதி. உட்கார்ந்து பேசினார்கள், ஏற்பாடு செய்தார்கள் என்பது. சதிக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? சதிக்குள் இருந்தவன்தான் வரவேண்டும். அப்படி வந்தவர் ஜெயானந்தன். குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர், மன்னிப்புப் பெற்று அப்ரூவராகி சாட்சிக் கூண்டில் ஏறினார்.

அப்ரூவர் சாட்சியத்தைப் பற்றி அன்றைய சாட்சியச் சட்டத்தில் இரண்டு இடம் இருந்தது. 133ஆம் பிரிவு, கூட்டாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டிக்கலாம், சட்டப்படி தப்பில்லை என்கிறது. 114ல் ஓர் உதாரணம், கூட்டாளி சொல்வதை வேறு ஆதாரம் துணைக்கு இல்லாமல் நம்பத் தகாது என்று கோர்ட் கொள்ளலாம் என்கிறது. ஒரே சட்டம், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறது. எங்கள் காலேஜில் வாத்தியார் இதைச் சொல்லிவிட்டு, "உன் கழுத்தைக் காப்பாத்திக்க எவன் கழுத்தைக் காட்டுவே?" என்று முதல் பெஞ்சில் இருப்பவனைக் கேட்பார்.

இப்போது ஜூரி. ஸ்ரீராமுலு நாயுடுவை விடுவித்தார்கள். பாகவதரையும் கலைவாணரையும் ஆறுக்கு மூன்றாகக் குற்றவாளி என்றார்கள். மனு கொடுத்தவர்கள் மூன்று பேர், நோக்கம் மூன்று பேருக்கும் ஒன்றே, அதில் ஒருவரைப் பொறுத்தவரை கதை நிற்கவில்லை. அப்படியானால் அதே கதையை மற்ற இருவருக்கு எவ்வளவு தூரம் நம்புவது? என்னை வக்கீலாக வைத்திருந்தால் அங்கேதான் கடப்பாரையைப் போட்டிருப்பேன்.

அந்தக் காலத்து 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஹைகோர்ட்டில் நடக்கும் ஜூரி விசாரணையில் குறைந்தது ஆறு பேர் ஒரு பக்கம் இருக்கவேண்டும், நீதிபதியும் அதற்கு உடன்படவேண்டும். அப்போதுதான் தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு என்று வந்தால் செல்லாது, ஜூரியைக் கலைத்துவிடவேண்டியதுதான். ஆக ஆறுக்கு மூன்று என்பது விளிம்பு. அந்த அறையில் ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், மனம் மாறியிருந்தால் 1945 மே 3ஆம் தேதி தீவாந்தர தண்டனை (ஆயுள் முழுக்க நாடுகடத்தல்) வந்திருக்காது. பெரியப்பா சொல்லும் "ஒரே வாயா"வுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

புரசை_பாண்டியன்:
சார், புல்லரிக்குது. தீவாந்தரம்னா அந்தமானா? பாகவதர் அந்தமான் போகலையே?

கறுப்பங்கி:
பேருக்குத்தான் தீவாந்தரம். 1942 மார்ச்சிலிருந்து அந்தமான் ஜப்பான்காரன் கையில். தண்டனை விதித்த அன்று அந்தத் தீவே பிரிட்டிஷ்காரனிடம் இல்லை! இங்கேயே சிறைக்குள் கிடந்தார்கள். செத்துப்போன லட்சுமிகாந்தன்தான் இந்தக் கேஸில் அந்தமானைப் பார்த்த ஒரே ஆள் போலிருக்கிறது.

எதிர்வாதி:
சரி, விளிம்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆறு பேர் சாட்சிகளை நேரில் பார்த்து, முகத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். நீதிபதி உடன்பட்டார். முதல் அப்பீலில் இரண்டு நீதிபதிகள் உறுதி செய்தார்கள். பிறகு சாட்சியை நேரில் பார்க்காத வேறு இரண்டு பேர், காகிதத்தை மட்டும் படித்து, எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். இதில் எதை நான் நம்ப?

கறுப்பங்கி:
நியாயமான கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன்.

1943 வரை நீங்கள் சொன்னதுதான் சட்டம். ஹைகோர்ட்டில் ஜூரி ஒரு விஷயம் நடந்தது என்று சொல்லிவிட்டால் அதை எதிர்த்து, "அப்படி நடக்கவே இல்லை" என்று அப்பீல் போக வழியே கிடையாது. செஷன்ஸ் கோர்ட் கேஸ் என்றால் மேலே ஹைகோர்ட் இருக்கிறது. ஹைகோர்ட்டே விசாரித்தால் மேலே வானம்தான். மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா நகரவாசிகளுக்கு மட்டும் இருந்த தலையெழுத்து இது. 1943ல்தான் 411ஏ என்ற பிரிவைச் செருகினார்கள். அதன்படி, ஹைகோர்ட் விசாரித்த கேஸிலும் அதே ஹைகோர்ட்டின் இன்னொரு பெஞ்சிடம் சாட்சியங்களை வைத்தே முறையிடலாம்.

இந்தக் கொலை 1944 நவம்பரில். பிரிவுக்கு அப்போது இரண்டு வயசு கூட ஆகவில்லை. முதல் அப்பீலைக் கேட்ட நீதிபதிகள் குன்ஹிராமனும் ஹாப்பெல்லும் ஜூரி சொல்லை மீறத் தயங்கி 1945 அக்டோபரில் தள்ளிவிட்டார்கள். இந்த அதிகாரத்தை இவ்வளவு குறுக்கிப் பார்க்கக் கூடாது, சாட்சியத்தை நீங்களே எடைபோட வேண்டும் என்ற வகையில்தான் பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பியது. இன்றைக்கும் சட்டப் புத்தகங்களில் 'தியாகராஜ பாகவதர் எதிர் பேரரசர்' என்று இந்த வழக்கைச் சொல்வார்கள். பாடகர் என்பதற்காக இல்லை, இந்த 411ஏ சங்கதிக்காக.

இன்னொன்று கவனித்தீர்களா? முதலில் அப்பீலைத் தள்ளிய ஹாப்பெல்தான் இரண்டாவது பெஞ்சிலும் உட்கார்ந்தார். அதே மனிதர். முதல் முறை "ஜூரி முடிவில் தலையிட முடியுமா" என்று பார்த்தார், இரண்டாவது முறை "சாட்சியம் நிற்கிறதா" என்று பார்த்தார். கேள்வி மாறியது, விடை மாறியது. எதிர்வாதி சொன்ன "வேறு இரண்டு பேர்" கணக்கில் ஒருவரைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வாதி:
ஹாப்பெல் விஷயம் எனக்குத் தெரியாது. கழித்துக்கொள்கிறேன். பணம் விஷயத்தைக் கழிக்க மாட்டேன். லண்டன் வரை போக எத்தனை பேரால் முடியும்?

கறுப்பங்கி:
அதில் உங்களோடு சண்டை இல்லை. பாகவதர் தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்று ஊரே பேசிய ஆள். அவரால் முடிந்தது. அதே 411ஏ, வேப்பேரி மூட்டைத் தூக்கிக்கும் சட்டப்படி இருந்தது. வக்கீல் பீஸ்தான் இல்லை.

தென்பாண்டிச்_சிங்கம்:
ஜூரியை ஒழிச்சது நானாவதி கேஸ்தான? அதுலயும் இதே மாதிரித்தான ஜூரி கோட்டை விட்டாவ?

கறுப்பங்கி:
எல்லாரும் சொல்வது அதுதான், ஆனால் பாதி சரி. 1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை கமாண்டர் நானாவதி தன் மனைவி சில்வியாவின் காதலன் பிரேம் அஹூஜாவை மூன்று குண்டில் சுட்டார். போராட்டத்தில் வெடித்தது என்பது டிபென்ஸ். குளித்துவிட்டுத் துண்டு கட்டி நின்றவன் இடுப்பிலிருந்து துண்டு அவிழவே இல்லையே, அது என்ன போராட்டம் என்று அரசுத் தரப்பு கேட்டது. ஜூரி எட்டுக்கு ஒன்று, குற்றவாளி இல்லை! 'பிளிட்ஸ்' பத்திரிகை அவரைக் கதாநாயகனாக்கி வைத்திருந்தது.

ஆனால் அது செஷன்ஸ் கோர்ட். நீதிபதி மேத்தா, இந்த முடிவை எந்தப் புத்தியுள்ள மனிதனும் எடுக்க மாட்டான் என்று ஹைகோர்ட்டுக்கு அனுப்ப முடிந்தது. ஹைகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது, சுப்ரீம் கோர்ட் 1961ல் உறுதி செய்தது. மூன்று வருஷத்தில் மன்னிப்பு, பிறகு கனடா.

ஜூரி முறை வேண்டாம் என்று சட்டக் கமிஷன் 1958லேயே சொல்லியாயிற்று, அதாவது அஹூஜா சாவதற்கு முன்பே. சட்டப் புத்தகத்திலிருந்து முழுசாகப் போனது 1973 நடைமுறைச் சட்டம் வந்தபோது. நானாவதி கேஸ் அந்தச் சவப்பெட்டிக்கு ஓர் ஆணி. பெட்டி ஏற்கெனவே தயார்.

சும்மா_படிக்கிறவள்:
பிளிட்ஸ் ஒருத்தனைக் காப்பாற்றியது, இந்துநேசன் தன் ஆசிரியரையே சாகடித்தது. பத்திரிகைக்காரர்கள் கவனிக்க.

மெட்ராஸ்_மாமா:
1919ல் தேனாம்பேட்டை நியூயிங்டன் பங்களாவில் பிரின்சிபல் டி லா ஹேவைப் படுக்கையிலேயே சுட்டுக் கொன்ற கேஸை விட்டுவிட்டீர்களே! மைனர் ஜமீன்தார்கள் படித்த இடம். மெட்ராசில் நியாயம் கிடைக்காது என்று விசாரணையையே பம்பாய்க்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் அப்ரூவர், அங்கேயும் விடுதலை. அந்தக் கேஸில் வாதாடியவர் மகன்தான் மேலே சொன்ன கோவிந்த் சுவாமிநாதன்...

மட்டுறுத்துநர்:
மாமா, அருமையான கேஸ், தனி இழை தொடங்குங்கள். ஆளவந்தாருக்கும் ஒன்று தொடங்கலாம். இங்கே லட்சுமிகாந்தனோடு நிற்போம். ஏற்கெனவே பம்பாய் வரை போய்விட்டோம்.

ரெக்கார்டு_ராமு:
வெளியே வந்த பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லையே. நானே சொல்கிறேன்.

இரண்டே கால் வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள். கைதானபோது பாகவதர் கையில் ஒப்பந்தங்கள் குவிந்து கிடந்தன. 'உதயணன்' அவர் நடிக்கவேண்டிய படம், பாடகர் ஜி.என்.பி. நடித்து 1945ல் வந்தது. வெளியே வந்ததும் 'ராஜமுக்தி', 1948. தலைப்பிலேயே முக்தி இருக்கிறது, ஓடவில்லை. 'அமரகவி', 'சியாமளா', 'புது வாழ்வு' எதுவும் தூக்கிவிடவில்லை. கச்சேரிகளில் கூட்டம் இருந்தது, குரலும் இருந்தது. ஆனால் 1944ல் நின்ற இடத்திலிருந்து காலம் நகர்ந்துவிட்டது. பாட்டுக்காகப் படம் பார்த்தவர்கள் வசனத்துக்காகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 'பராசக்தி' வந்தது 1952ல். 1959 நவம்பர் 1ல் பாகவதர் போய்விட்டார், ஐம்பது வயசுகூட ஆகவில்லை. கடைசிப் படம் 'சிவகாமி' அவர் போன பிறகுதான் ரிலீஸ்.

கலைவாணர் கதை வேறு. அதே சிறை, அதே தண்டனை. வெளியே வந்து 'நல்லதம்பி', 'மணமகள்' என்று முன்னைவிட வேகமாக ஓடினார். ஜெயில் அனுபவத்தையே வேடிக்கையாக மேடையில் பேசுவாராம். 1957ல் அவரும் போய்விட்டார். ஒரே கேஸ் ஒருவரை உட்கார வைத்தது, இன்னொருவரை ஒன்றும் செய்யவில்லை. "கேஸ்தான் பாகவதரை அழித்தது" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்குக் கலைவாணர்தான் ஞாபகத்துக்கு வருவார். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தட்டைத் துடைத்துக்கொண்டே, "நீ அந்தப் பாகவதரைப் பார்த்ததில்லைடா" என்பார், அவ்வளவுதான் பதில்.

எதிர்வாதி:
கறுப்பங்கி சார், கடைசியாக ஒரு கேள்வி. விடுதலை என்றால் நிரபராதி என்றுதானே அர்த்தம்? அல்லது "நிரூபிக்கவில்லை" என்று அர்த்தமா?

கறுப்பங்கி:
சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் இரண்டும் வேறு. ஹைகோர்ட் சொன்னது, இந்தச் சாட்சியத்தை நம்பி இவர்களைத் தண்டிக்க முடியாது என்பது. அதற்கு மேல் ஒரு கோர்ட் சொல்ல வேண்டியதும் இல்லை. பாண்டியன் வீட்டு அண்ணன் "கொலைக்கு ஸ்பெல்லிங் தெரியாது" என்றாரே, அதையும் ஹைகோர்ட் சொல்லவில்லை. என்னைத் தனிப்பட்ட முறையில் கேட்டால், அப்ரூவர் கதையை வைத்துக்கொண்டு ஒரு பூனையைக்கூட ஜெயிலுக்கு அனுப்ப மாட்டேன். என் தொழில் அப்படி.

புரசை_பாண்டியன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மொபைலில் இருந்து மொத்த இழையையும் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். லண்டன் விடுதலை செய்யவில்லை என்றதும், "போகட்டும்" என்றார். ஹாப்பெல் விஷயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆறுக்கு மூன்று என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க தெருவுல எவனும் அப்படிச் சொல்லலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணு பேர் யாரு? பேர் போட்டிருக்கானா, கேளு" என்றார். கேட்காமல் சாப்பிட வரமாட்டார் போலிருக்கிறது. சார்?

கறுப்பங்கி:
யார் எந்தப் பக்கம் என்று கோர்ட் கேட்கவே கேட்காது. ஜூரித் தலைவர் எழுந்து எண்ணிக்கையை மட்டும் சொல்வார். எழுதிக்கொள்வதும் அதை மட்டும்தான். கதவுக்குப் பின்னால் நடந்தது கதவோடு முடிந்தது.

புரசை_பாண்டியன்:
இதைப் போய் அவரிடம் நான் சொல்லமாட்டேன். அண்ணன் சொல்லட்டும்.